டிவிடியில் வீடியோ திக்கித் திக்கி ஓடினால்: டர்பன் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளில் டிவிக்குக் கீழே இன்னும் ஒரு டிவிடி பிளேயர் இருக்கிறது. பேரன் காவடி எடுத்ததையும் பேத்தியின் கல்யாணத்தையும் ஆயா பார்க்க வேண்டுமென்றால் ஃபோனைக் கையில் கொடுத்துப் பயனில்லை. திரை சின்னது, விரல் பட்டால் நின்றுவிடும். டிஸ்க்கைப் போட்டு பிளே பொத்தானை அழுத்துவது அவருக்குப் பழகிய வேலை. அதனால் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் தலையில் இந்த வேலை விழுகிறது. நீங்கள்தான் அந்த ஒருவர் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

ஃபோனில் வழுவழுவென்று ஓடிய வீடியோ டிவிடியாக மாறியதும் வெட்டி வெட்டி ஓடும். தேர் நகரும்போது இழுத்து இழுத்து விடுவதுபோல் தெரியும். கேமரா பக்கவாட்டில் திரும்பினால் கண் வலிக்கும். உடனே "டிஸ்க் மட்டமானது", "பிளேயர் பழசு" என்று சொல்லிவிடுகிறோம். சில நேரம் அது உண்மைதான். ஆனால் ஃபோனில் எடுத்த வீடியோவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு: வீடியோவில் நொடிக்கு எத்தனை படங்கள் (அதாவது ஃபிரேம்கள்), டிஸ்க்கில் நொடிக்கு எத்தனை படங்கள் என்ற இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை. மாற்றும் மென்பொருள் உங்களிடம் கேட்காமலே படங்களைக் கழித்தோ கூட்டியோ விடுகிறது.

துள்ளல் எந்தக் கட்டத்தில் வருகிறது?

எதையும் திருத்தும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். முதலில் மூல ஃபைலைக் கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள். அதிலேயே துள்ளினால் பதிவே அப்படி இருக்கலாம், அல்லது 4கே ஃபைலை ஓட்ட உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெம்பு போதாமல் இருக்கலாம். எடுத்த ஃபோனிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, மென்பொருள் உருவாக்கிய டிவிடி ஃபோல்டரையோ ஐஎஸ்ஓ ஃபைலையோ (முழு டிஸ்க்கும் அடங்கிய ஒரே ஃபைல்) டிஸ்க்கில் எழுதுவதற்கு முன் அதே விஎல்சியில் ஓட்டுங்கள். மூல ஃபைல் நன்றாக ஓடி இது துள்ளினால் தவறு மாற்றத்தில் இருக்கிறது. இதுவும் நன்றாக ஓடி, டிவியில் மட்டும் துள்ளினால் மூன்று சந்தேகங்கள்: பிட்ரேட் (நொடிக்கு ஓடும் தரவின் அளவு) அதிகம், டிஸ்க் சரியாக எழுதப்படவில்லை, அல்லது பழைய டேப் வீடியோவாக இருந்தால் புல வரிசை தலைகீழ். ஒவ்வொன்றையும் கீழே சொல்கிறேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் டிஸ்க் மேல் டிஸ்க்காக எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

25-ஆ, 30-ஆ?

தென்னாப்பிரிக்காவின் தொலைக்காட்சி பி.ஏ.எல் முறையைச் சேர்ந்தது. அந்த முறையில் செய்த டிவிடியில் நொடிக்கு 25 ஃபிரேம், படத்தின் அளவு 720-க்கு 576. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் உள்ள என்.டி.எஸ்.சி முறையில் நொடிக்கு 29.97 ஃபிரேம், அளவு 720-க்கு 480. நம் கையில் இருக்கும் ஃபோன்களோ, எந்த நாட்டில் வாங்கியிருந்தாலும், சாதாரணமாக 30 ஃபிரேமில்தான் எடுக்கின்றன.

இப்போது 30-ஐ 25-க்குள் அடைக்க வேண்டும். மென்பொருள் செய்யும் சுலபமான வழி, ஆறு ஃபிரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிவது. 1, 2, 3, 4, 5 வரும், 6 இருக்காது, அப்படியே 7-க்குத் தாவும். ஒரு நொடியில் இந்தத் தாவல் ஐந்து முறை நடக்கிறது. மேடையில் ஒருவர் நின்று பேசினால் கண்ணுக்குத் தெரியாது. காவடி ஆடி வரும்போது, மயிலிறகுகள் திரையின் குறுக்கே போகும்போது, அந்த ஐந்து தாவலும் பளிச்சென்று தெரியும்.

உங்கள் வீடியோவிலும் இதுதானா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. உருவாக்கிய டிவிடி ஃபோல்டரை விஎல்சியில் திறந்து, தேரோ காரோ ஒரே வேகத்தில் நகரும் இடத்தில் நிறுத்துங்கள். விசைப்பலகையில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு ஃபிரேம் முன்னே போகும். தேர்ச் சக்கரத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். நான்கு முறை சிறிது சிறிதாக நகர்ந்து, ஐந்தாவது முறை இரண்டு மடங்கு தாவினால் ஃபிரேம் கழிந்திருக்கிறது. நகராமல் அதே படம் இரண்டு முறை வந்தால் ஃபிரேம் கூட்டப்பட்டிருக்கிறது. மூலம் 24 ஃபிரேமாக இருந்தால் இப்படி நொடிக்கு ஒரு முறை வரும்.

சரி, மூல ஃபைலில் எத்தனை ஃபிரேம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபைலை அதற்குள் இழுத்துப் போட்டு, முழு விவரம் காட்டும் 'டெக்ஸ்ட்' பார்வைக்கு மாற்றுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட், ஃபிரேம் ரேட் மோட், ஸ்கேன் டைப் ஆகிய மூன்று வரிகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பல பேர் அனுப்பிய துண்டுகளைச் சேர்ப்பதாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் குறிக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பின்னால் எடுக்கும் முடிவெல்லாம் இந்தத் தாளை வைத்துத்தான்.

எல்லாத் துண்டும் 25 அல்லது 50 ஃபிரேம் என்றால் பி.ஏ.எல் டிவிடி செய்யுங்கள். 50-ஐப் பாதியாக்கினால் 25. ஒன்று விட்டு ஒன்று சீராகக் கழிவதால் துள்ளாது. எல்லாத் துண்டும் 30 அல்லது 60 என்றால், நான் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும்: என்.டி.எஸ்.சி டிவிடி செய்யுங்கள். "நம் ஊரில் அது ஓடாதே" என்று பலர் தயங்குகிறார்கள். பி.ஏ.எல் நாடுகளில் விற்ற டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டு முறையையும் ஓட்டும், இன்றைய தட்டை டிவிகளும் இரண்டையும் ஏற்கும். 30-லிருந்து 29.97-க்குப் போகும்போது ஏறக்குறைய 33 நொடிக்கு ஒரு ஃபிரேம்தான் கழியும், அது யார் கண்ணுக்கும் படாது. படத்தின் உயரத்தில் 576 வரிகளுக்குப் பதில் 480 வரிகள் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் துள்ளும் 576-ஐவிட வழுவழுப்பான 480 எவ்வளவோ மேல். ஆயாவின் பிளேயர் ஏற்குமா என்று சந்தேகமாக இருந்தால் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எழுதி அவர் வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்.

எதிர்த்திசையில் இந்தத் தாராளம் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் உறவுக்கு பி.ஏ.எல் டிஸ்க் அனுப்பினால் அங்குள்ள பல பிளேயர்கள் அதைத் திறக்கவே மாட்டா. சென்னைக்கோ திருச்சிக்கோ அனுப்புவது என்றால் கவலை இல்லை, இந்தியாவும் பி.ஏ.எல் நாடு. வட்டாரக் குறியீட்டைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். தென்னாப்பிரிக்கா 2, இந்தியா 5 என்பதெல்லாம் கடையில் விற்கும் படங்களுக்குப் போடும் பூட்டு. வீட்டில் செய்யும் டிஸ்க்கில் அந்தப் பூட்டு இருக்காது.

கல்யாண வீடுகளில் இரண்டும் கலந்துதான் வரும். வீடியோக்காரர் 25-ல் எடுத்திருப்பார்; சித்தப்பா மகன் ஃபோனில் 30-ல் எடுத்திருப்பான். இங்கே எது அதிக நேரம் ஓடுகிறது என்று பார்க்காதீர்கள், எதில் அசைவு அதிகம் என்று பாருங்கள். ஊர்வலமும் ஆட்டமும் எந்த எண்ணில் இருக்கின்றனவோ அந்த முறையில் டிஸ்க் செய்யுங்கள். வாழ்த்துப் பேச்சும் நலங்கும் உட்கார்ந்த இடத்தில் நடப்பவை, மாற்றினாலும் தாங்கிக்கொள்ளும்.

டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருளில் 'ஆப்டிகல் ஃப்ளோ' என்று ஒரு வசதி உண்டு. இடையில் வர வேண்டிய ஃபிரேமை அதுவே கணக்குப் போட்டு வரைந்துவிடும். சாலையில் கார் போகும் காட்சிக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கூட்டம், பூ மாலை, மயிலிறகு போன்றவற்றில் ஓரங்கள் உருகி வழிவதுபோல் ஆகிவிடும். சாமி முகத்தின் ஓரம் உருகும் வீடியோவை எந்த வீட்டுக்கும் கொடுக்க எனக்கு மனம் வராது. ஒன்றிரண்டு துண்டுக்கு வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

24 ஃபிரேமில் 'சினிமா மாதிரி' எடுத்த கல்யாண வீடியோவும் இப்போது வருகிறது. 25 ஆக்கும்போது ஒரு ஃபிரேமைக் கூட்டாமல், முழு வீடியோவையும் நான்கு சதவீதம் வேகமாக்கிவிடுவதே நல்லது. ஐரோப்பாவில் சினிமாப் படங்களை டிவிக்கும் டிவிடிக்கும் மாற்றியது இப்படித்தான். அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வீடியோ ஃபில்டரில் 'சேஞ்ச் எஃப்பிஎஸ்', ஆடியோ ஃபில்டரில் 'ஃபிலிம் டு பி.ஏ.எல்' இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று போய்விடும். இரண்டு மணி நேர வீடியோ ஏறக்குறைய 1 மணி 55 நிமிடமாகச் சுருங்கும்.

நிலையில்லாத ஃபிரேம் ரேட்

மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியில் 'வேரியபிள்' என்று இருந்தால் அங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளிச்சம் குறையும்போது பல ஃபோன்கள் தாமாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். மாலையில் தொடங்கும் தீமிதியில் முதல் பத்து நிமிடம் 30 ஆகவும், இருட்டிய பிறகு 24 ஆகவும் ஓடியிருக்கலாம். பழைய டிவிடி மென்பொருள்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. துள்ளலோடு சேர்ந்து, போகப் போக ஒலியும் விலகிப்போகும். மேளச்சத்தம் முன்னே வந்து, கை பின்னால் விழுந்தால் இதுதான் என்று உடனே சந்தேகப்படுங்கள்.

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். அது டிவிடி செய்யாது. ஃபைலைச் சீரான ஃபிரேம் ரேட்டுக்குக் கொண்டுவர மட்டும் பயன்படுத்துகிறோம். ஃபைலைத் திறந்து 'வீடியோ' தாவலுக்குப் போங்கள். ஃபிரேம் ரேட் என்ற இடத்தில், மேலே எடுத்த முடிவின்படி 25 அல்லது 29.97-ஐத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்பதைக் குறியுங்கள். பல ஆயத்த அமைப்புகளில் 'பீக்' என்பதுதான் குறிக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே விட்டால் ஃபிரேம் ரேட் நிலையில்லாமலேதான் இருக்கும், செய்த வேலை வீண். தர அளவைக் காட்டும் ஆர்எஃப் எண்ணை 18-க்கு இறக்குங்கள். அந்த எண் குறையக் குறையத் தரம் கூடும். ஆடியோ தாவலில் 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், டிவிடிக்குத் தேவை அதுதான். அப்புறம் 'ஸ்டார்ட் என்கோட்'. வெளிவந்த ஃபைலை மறுபடி மீடியாஇன்ஃபோவில் போட்டு, 'கான்ஸ்டன்ட்' என்று வந்திருக்கிறதா பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அனுப்பும்போதே அவை அழுத்தப்பட்டுவிடுகின்றன. அவற்றைத் திருத்த மெனக்கெடுவதைவிட, அனுப்பியவரிடம் "அண்ணா, அதையே டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அப்படி அனுப்பினால் மூல ஃபைல் அப்படியே வரும்.

பழைய டேப்புகள்

அலமாரியில் கிடக்கும் மினி டிவி (கையடக்க வீடியோ கேமராவின் சின்ன கேசட், தொலைக்காட்சி அல்ல), விஎச்எஸ் டேப்புகளில் இருப்பது வேறு வகைப் படம். ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளாக, அதாவது இரண்டு புலங்களாக, ஒன்றன் பின் ஒன்றாகப் பதிவாகியிருக்கும். மீடியாஇன்ஃபோவில் ஸ்கேன் டைப் 'இன்டர்லேஸ்டு' என்று வரும். எந்தப் பாதி முதலில் என்பது வரிசை. அது தலைகீழானால் டிவியில் நடப்பவரின் கை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகும். நிற்கும் பொருள்கள் அசையாமல் இருக்க, அசையும் பொருள்கள் மட்டும் நடுங்கும். கம்ப்யூட்டரில் இது பெரும்பாலும் தெரியாது என்பதால் பலர் பிளேயரைத்தான் குறை சொல்கிறார்கள்.

மினி டிவி டேப்பில் கீழ்ப் புலம் முதலில் வரும். எச்டிவி, ஏவிசிஎச்டி என்ற வகைகளில் பதியும் எச்டி வீடியோ கேமராக்களில் மேல் புலம் முதலில். மென்பொருள் 'ஃபீல்ட் ஆர்டர்' என்று கேட்கும்போது அதற்குத் தகுந்தபடி சொல்லுங்கள். விஎச்எஸ்ஸைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டருக்குள் ஏற்றிய கருவியைப் பொறுத்து மாறும். இரண்டு வரிசையிலும் ஒரு சின்னத் துண்டை எழுதி டிவியில் பார்த்து முடிவு செய்யுங்கள். பி.ஏ.எல் மினி டிவியின் அளவும் டிவிடியின் அளவும் ஒன்றே, 720-க்கு 576. ஆகவே அளவை மாற்றாதீர்கள், டீஇன்டர்லேஸும் (இரண்டு புலங்களை ஒரே படமாக்குவது) செய்யாதீர்கள். நொடிக்கு 50 புலங்கள் அப்படியே டிவிக்குப் போனால், அந்தப் பழைய அசைவு இன்றைய ஃபோன் வீடியோவைவிட இழைந்து ஓடும்.

பிட்ரேட்

தரம் நன்றாக இருக்கட்டும் என்று பிட்ரேட்டை உச்சியில் வைப்பது அடிக்கடி நடப்பது. டிவிடி விதிப்படி படத்துக்கு மட்டும் உச்சம் 9.8 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்); படம், ஒலி எல்லாம் சேர்ந்து 10.08. அதைத் தொட்டுக்கொண்டு ஓடினால், வீட்டில் எழுதிய டிஸ்க்கைப் படிக்கும் பழைய பிளேயர் மூச்சு வாங்கும். கூட்டமான காட்சி வரும்போதெல்லாம் உறைந்து நின்று தொடரும். உச்சத்தை 8-க்கு மேல் போக விடாதீர்கள், சராசரி 6 முதல் 7 போதும். ஒலியை ஏசி-3 என்ற அழுத்திய வகையில் வையுங்கள். அழுத்தாத பிசிஎம் ஒலி மட்டுமே 1.5 எம்பிபிஎஸ் இடத்தைத் தின்றுவிடும்.

எவ்வளவு நேரம் அடங்கும் என்ற கணக்கும் இதோடு சேர்ந்தது. 4.7 ஜிபி டிஸ்க்கில் 90 நிமிடம் வைத்தால் 6.5 வரை கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் 5 சுமார். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3-க்கு இறங்கிவிடும், ஆட்டக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். அப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள்: கோயில் சடங்கு ஒன்றில், மண்டப வரவேற்பு ஒன்றில்.

டிவிடி உருவாக்க டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளே புதியவர்களுக்குப் போதும். புதிய திட்டம் தொடங்கும்போதே அது டிஸ்க்கின் கொள்ளளவு, பி.ஏ.எல்-ஆ என்.டி.எஸ்.சி-ஆ, 4:3-ஆ 16:9-ஆ, ஒலி வகை எல்லாவற்றையும் கேட்கும். அவசரத்தில் அந்தப் பெட்டியை அப்படியே சரி என்று அழுத்திவிடாதீர்கள். இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்து எடுத்த முடிவைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

டிஸ்க்கில் எழுதுவது

முதலில் ஐஎஸ்ஓ ஃபைலாக உருவாக்கிக்கொண்டு, ஓட்டிப் பார்த்து, பிறகு இம்க்பர்ன் போன்ற மென்பொருளால் எழுதுங்கள். 16 மடங்கு வேகம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் 4 அல்லது 8-ல் எழுதுவது பழைய பிளேயர்களுக்கு நல்லது. முடிந்ததும் சரிபார்க்கும் 'வெரிஃபை' வசதியை விடாமல் போடுங்கள். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளியே படிக்கப்படுவது. முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, கடைசிப் பகுதி மட்டும் திக்கினால் வெளிவட்டத்தில் எழுத்து சரியில்லை அல்லது கை ரேகை பட்டிருக்கிறது. அடிப்பக்கத்தைப் பார்த்துத் துடையுங்கள், தீரவில்லை என்றால் வேறு டிஸ்க்கில் வேகத்தைக் குறைத்து எழுதுங்கள். டிவிடி கூட்டல் ஆர், டிவிடி கழித்தல் ஆர் என்று இரண்டு வகை விற்கும். ரொம்பப் பழைய பிளேயர்களுக்குக் கழித்தல் ஆர் வாங்குவது பாதுகாப்பானது. சோதனைத் துண்டுகளுக்கு அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்றை வைத்துக்கொண்டால் செலவு மிச்சம். ஆனால் ஆயாவின் பிளேயர் அதைப் படிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த டிஸ்க் குப்பைதான். மடிக்கணினியின் பேட்டரி நிறைந்திருக்கும்போது எழுதுங்கள். வெளியே செருகும் டிவிடி டிரைவ்களில் யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுப்பவை உண்டு, அவை மடிக்கணினியோடு சேர்ந்து பேட்டரியில் ஓடும்.

அடுத்த முறை எடுக்கும்போது

மாற்றித் திருத்துவதைவிட எடுக்கும்போதே எண்ணைச் சரியாக வைப்பது எவ்வளவோ எளிது. ஐஃபோனில் செட்டிங்ஸுக்குள் கேமரா, அதற்குள் ரெக்கார்ட் வீடியோ என்று போனால் 'ஷோ பி.ஏ.எல் ஃபார்மட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்துவிட்டால் 25 ஃபிரேமில் எடுக்கும் தேர்வுகள் வரும். அதே பக்கத்தில் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேமைத் தானாக மாற்றும் 'ஆட்டோ எஃப்பிஎஸ்' வசதியை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோன்களில் கேமரா செயலியின் 'ப்ரோ' அல்லது வீடியோ அமைப்புகளில் தேடிப் பாருங்கள். சிலவற்றில் 24-ம் 30-ம் மட்டுமே கிடைக்கும். அப்படியானால் 30-லேயே எடுத்து என்.டி.எஸ்.சி டிஸ்க் செய்யுங்கள்.

25-ல் எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்துக் குழல்விளக்குகளுக்கு அடியில் 30-ல் எடுத்தால் சில ஃபோன்களில் சுவரில் பட்டைபட்டையாக ஒளி அலையும். 25-ல் அது அடங்கிவிடும்.

புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலிலோ, தைப்பூசக் காவடியிலோ குடும்பத்தில் நான்கு பேர் ஃபோன் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன்னரே நான்கு ஃபோனையும் ஒரே எண்ணில் வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மூல ஃபைல்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு டிவிடி வேலையைத் தொடங்குங்கள். டிஸ்க் சரியாக ஓடினாலும் அந்த ஃபைல்களை அழிக்காதீர்கள். டிவிடிக்காகச் சுருக்கிய படத்திலிருந்து பழைய தரத்தைத் திரும்ப எடுக்க முடியாது.